ஸ்டாப் இல்லாத இடத்தில் ஒரு விசில்

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மறுநாள் பாலர் வகுப்புக்காக, ஃபிளானல் துணியில் ஒட்டும் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டுக்குட்டியின் தலையைச் சுற்றிக் கத்தரி திரும்பும்போது எங்கள் சபையின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. “சகோதரர் சற்குணம் இன்று காலை கர்த்தருக்குள் இளைப்பாறினார்.” அதற்குக் கீழேயே, அதைக் காலை வசனம் என்று நினைத்துக்கொண்டு, ஓர் அம்மா “ஆமென்” என்று போட்டு மூன்று பூவும் வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாவுச் செய்தியைக்கூடவா படிக்காமல் ஆமென் போடுவார்கள்? அந்தம்மாவுக்கு என்ன எழுதலாம் என்று இரண்டு முறை டைப் அடித்து அழித்தேன். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. கையில் பார்த்தால் ஆட்டுக்குட்டிக்கு ஒரு காது இல்லை.

எங்கள் சபைகளில் ஒருவர் இறந்துவிட்டால் ‘இறந்தார்’ என்று எழுத மாட்டோம். ‘இளைப்பாறினார்’ என்றுதான் எழுதுவோம். மரியாதையான சொல். நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் சற்குணம் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் அதைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எனக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கத்தில் ஒரே ஒரு சண்டைதான். அது இந்தச் சொல்லால் வந்த சண்டை. பதின்மூன்று வருடமாக அதைப் பேசித் தீர்க்காமல் வைத்திருந்தேன். தப்பு என் பக்கம் என்று தெரிந்தும் வைத்திருந்தேன். இனிமேல் யாரிடம் போய்ப் பேச?

அவரைத் தெரிந்தவர்கள்தான் இந்த அஞ்சலியைப் பெரும்பாலும் படிப்பீர்கள். தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வெள்ளானூரில் வீடு. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் நான்கிலிருந்து ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நானும் அவரும் சேர்ந்து வகுப்பு எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு, அவர்களுடைய தீபாவளி டூட்டியைத் தான் வாங்கிக்கொள்வார். நான் நர்சரிப் பள்ளி ஆசிரியை. பாடத்திட்டம், மனப்பாட வசனம், வருஷப் பரீட்சை என்று எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் எனக்கு. அவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் கத்தினால் ஒரு விசில். அடங்கினால் இரண்டு விசில். “உள்ள போ, உள்ள போ, எடம் கீது” என்று பாயில் நெருக்கி உட்கார வைப்பார். பிள்ளைகள் அவரைக் கண்டக்டர் மாமா என்றார்கள். தலை நரைத்த பிறகு கண்டக்டர் தாத்தா.

கஷ்டப்படுகிறவர்களை ஆண்டவர் எப்படிப் பார்க்கிறார் என்று வருடத்தில் நான்கு வாரம் பாடம் வரும். படைப்பு, பேழை, ஆட்டுக்குட்டி எல்லாம் படம் ஒட்டிக் காட்டிவிடலாம். வேலை போன அப்பாவுக்கு என்ன படம் ஒட்டுவது? அவர் படமே இல்லாமல் ஆரம்பிப்பார். “பஸ்ல நூறு பேரு கீறாங்க. கண்டக்டர் கண்ணு எங்க கீது சொல்லு?” என்பார். “எங்க மாமா?” என்று பிள்ளைகள் கத்தும். “படியில! சீட்டுல உக்காந்தவன் பத்திரமா ஊடு போயி சேந்துடுவான். படியில தொங்குறான் பாரு, அவன் மேலதான் கண்ணு. ஏசப்பா கண்ணும் அங்கதான்.” அவ்வளவுதான் பாடம். நான் பக்கத்தில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு, இதைப் பரீட்சையில் எப்படிக் கேள்வியாகக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் ஆண்டு விழாவுக்காக ஒரு வசனம் சொல்லிக்கொடுத்தேன். பாரம் சுமக்கிறவர்களை ஆண்டவர் தம்மிடம் கூப்பிட்டு இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் வசனம். அதை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தாலே இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் கையை விரித்துச் சொன்னார்கள். ஜெனி என்று ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி மட்டும் பாதி வசனத்தில் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவை அதட்டினேன். “மாட்டேன்” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது எனக்கு இன்றும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

“எங்கம்மாக்கு ஏற்கெனவே இளைப்பு கீது டீச்சர். மூச்சே வுட முடியல. ஏசப்பா இன்னும் இளைப்பு தருவேன்றாரு. வாணாம்.”

மூச்சு வாங்கும் நோயை எங்கள் பக்கத்தில் இளைப்பு என்றுதான் சொல்வோம். அவள் அம்மா கலா, நசரத்பேட்டை பக்கம், இரும்புச் சாமான்களுக்குப் பெயின்ட் தூள் அடிக்கும் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சற்குணம் அண்ணன் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, “அம்மாக்கு எத்தினி நாளா கண்ணு?” என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நான் புகுந்துவிட்டேன். எனக்கு ஒரு கேள்வி பதிலில்லாமல் அந்தரத்தில் நின்றால் ஆகாது. போர்டில் எழுதி, சொல்லைப் பிரித்துக் காட்டினேன். இளைப்பு, ஆறுதல். “இளைப்பு ஆறிப்போறதுதான் இளைப்பாறுதல். நீ தினமும் ஜெபம் பண்ணு. ஏசப்பா உங்கம்மா இளைப்பை ஆற வச்சிடுவார்” என்றேன். ஜெனியின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு அந்த வசனத்தை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் அவள்தான். என் இலக்கணத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ஸ்டாப் இல்லாத எடத்துல விசில் குட்த்துட்டீங்க டீச்சர்.”

எனக்குப் புரியவில்லை. “இன்னாண்ணே சொல்றீங்க?” என்றேன். அவரோடு பேசிப் பேசி எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

“வண்டி நிக்கும்னு அந்தப் புள்ள எறங்க எழுந்து நின்னுகினு கீது. அது நிக்கலன்னா இன்னா செய்வீங்க?”

“விசுவாசத்தோட சொன்னேன்” என்றேன். அதற்கு மேல் பேச முடியாதபடி அந்தச் சொல்லைப் போட்டு அடைத்துவிடலாம் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். அவர் சுருட்டிய பாயை எடுத்து மூலையில் சாய்த்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு ஜெனி வந்து, “நேத்து கூட இளைப்பு வந்துச்சு டீச்சர்” என்றாள். “ஜெபம் பண்ணிகினே இரு” என்று சொல்லி, அவளுக்கு மட்டும் இரண்டு ஸ்டிக்கர் கொடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அவள் என்னிடம் வருவதைப் பார்த்தாலே நான் சாக்பீஸ் தேடப் போய்விடுவேன். அந்த மாதக் கடைசியில் ஆராதனையில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். சபையின் மூத்தவர் ஒருவர் கர்த்தருக்குள் இளைப்பாறினார், அடக்க ஆராதனை மாலை நான்கு மணிக்கு. அதற்கப்புறம் ஜெனி வகுப்புக்கு வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான்காவது வாரம் சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் பள்ளி வாசலுக்கே காக்கி உடுப்போடு வந்து நின்றார் சற்குணம் அண்ணன். அன்று காலை கலாவும் ஜெனியும் ஆஸ்பத்திரிக்குப் போக அவருடைய பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். நிற்க இடமில்லாத கூட்டம். கலாவுக்கு மூச்சு இழுத்திருக்கிறது. அவர் எழுந்து தன்னுடைய கண்டக்டர் சீட்டில் கலாவை உட்கார வைத்துவிட்டு, பூந்தமல்லி வரைக்கும் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்திருக்கிறார். பிள்ளை ஏன் வருவதில்லை என்று கேட்டதற்குக் கலா சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னார்.

“‘ஊட்டுல ஜெபம் பண்ண உடமாட்டுது அண்ணே’ன்னுச்சு. கலா ஆரம்பிச்சா புள்ள ஓடியாந்து அம்மா வாயப் பொத்துதாம். செவுத்துல மாட்டியிருந்த வசன காலண்டர அந்தப் பக்கம் திருப்பி வெச்சிகீதாம். அன்னிக்கு சர்ச்சுல ஒரு தாத்தா இளைப்பாறினார்னு சொன்னாங்கல்ல? இன்னான்னு யாரையோ கேட்டுகீது. செத்துப்போறதுன்னு சொல்லிகீறாங்க. புரியுதா டீச்சர்? அவங்கம்மாக்கு ஏசப்பா இளைப்பாறுதல் குடுத்துடப் போறார்னு அந்தப் புள்ள பயந்துகினு கீது.”

பள்ளி விட்டுப் பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஒரு சொல். முதலில் நோய் என்று நினைத்தாள், நான் சுகம் என்று மாற்றினேன், சபை அதைச் சாவு என்று சொல்லிக்கொடுத்தது. ஆறு வயதில் அவள் என்னதான் செய்வாள்?

“நாளிக்கு வகுப்புல சொல்லிடுங்க டீச்சர். தப்பா சொல்லிட்டேன், அம்மாக்கு எப்ப சரியாவும்னு எனக்குத் தெரியாதுன்னு. தெரியாதுன்றது பாவமில்ல.”

“பிள்ளைங்க முன்னாடி டீச்சரே தப்புன்னு சொன்னா, நாளைக்கு நாம சொல்ற எதை நம்புவாங்க?” என்று கேட்டேன்.

“தப்ப தப்புன்னு சொன்னாதான் மிச்சத்த நம்பும்” என்றார். நான் குரலை உயர்த்தினேன். பாடத்திட்டம் தெரியாதவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். பஸ் ஓட்டுவது வேறு, பிள்ளை வளர்ப்பது வேறு என்றேன். அவர் பஸ் ஓட்டுகிறவர்கூட இல்லை, கண்டக்டர். அந்தத் தப்பைக்கூட அவர் திருத்தவில்லை. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, தொண்டை கட்டியிருக்கிறது, வகுப்புக்கு வர முடியாது என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். பொய்தான். ஆனால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். கடைசியில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்றேன். வகுப்பு பாதி முடிந்திருந்தது. ஜெனி முன்வரிசையில் இருந்தாள். அவரே வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது, “…நாங்க தப்பா சொல்லிட்டோம் கண்ணு” என்பதுதான் காதில் விழுந்தது. ‘நாங்கள்’ என்றார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

“அப்ப எங்கம்மாக்கு சரியாவாதா?” என்று ஜெனி கேட்டாள்.

“தெரியாது கண்ணு. டாக்டர் மருந்து குட்த்துகீறாரு. நாமளும் ஜெபம் பண்ணலாம்.”

“அப்ப ஏசப்பா இன்னாதான் செய்வாரு?”

“கூட நிப்பாரு.”

“நின்னு?”

“நின்னுகினே இருப்பாரு. நேத்து நான் நின்னேன்ல? நடுவுல எறங்கினேனா?”

ஜெனி யோசித்தாள். “உங்களுக்குக் கால் வலிச்சுதா மாமா?”

“வலிச்சுது.”

“ஏசப்பாக்கும் வலிக்குமா?”

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் பதில் கிடையாது. நானாக இருந்தால் உடனே பாட்டு ஆரம்பித்திருப்பேன். அவர், “வலிக்கும் கண்ணு. வலிச்சாலும் உக்காரமாட்டாரு” என்றார். நான் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் வந்து, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தேன்.

அழகான பாடம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. பிள்ளைகள் முன்னால் என்னை மாட்டிவிட்டார், ‘நாங்கள்’ என்று சொன்னாலும் யார் சொன்னது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்று உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினேன். விடுமுறை வேதாகமப் பள்ளி, கிறிஸ்துமஸ் நாடகம், ஸ்டிக்கர், பாய் எல்லாம் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. ஜெனி தொடர்ந்து வந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மன்னிப்புக் கேட்க வாய் திறப்பேன், வேறு ஏதாவது சொல்லி மூடுவேன். அவள் வளர்ந்து பெரிய வகுப்புக்கும் போய்விட்டாள்.

போன மாதம் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது மூன்று தடவை போனேன். ‘அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி’ என்று சொல்ல வேண்டும். ஐந்து வார்த்தைகூடத் தேறாது. முதல் தடவை, அவருடைய மகள் பக்கத்தில் இருந்தாள் என்று சொல்லவில்லை. இரண்டாவது தடவை அவர் தூங்கினார். மூன்றாவது தடவை நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். “உக்காருங்க டீச்சர், ஏன் நின்னுகினே கீறீங்க?” என்றார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. ஆரஞ்சுப் பழத்தை மேசையில் இந்தப் பக்கம் வைத்தேன், அந்தப் பக்கம் வைத்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். “அடுத்த வாரம் வர்றேண்ணே” என்று கிளம்பினேன். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

வெள்ளானூரில் அவர் வீட்டு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். தெரு முழுக்கக் காக்கி உடுப்பு. டூட்டி முடித்து அப்படியே வந்தவர்கள். நான் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டும், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் இருந்தேன். நின்றால் அழுதுவிடுவேன். அப்போது ஜெனி வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கூடவே கலா. கையில் மூச்சுக்கு அடிக்கும் பம்ப். தெருமுனையிலிருந்து நடந்ததற்கே நெஞ்சு ஏறி இறங்கியது. பதின்மூன்று வருடத்தில் இளைப்பு ஆறவில்லை. என் போர்டில் நான் பிரித்தெழுதியது நடக்கவில்லை.

இனிமேலும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. ஜெனியைச் சுவரோரம் அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டேன். “அன்னிக்கு நான் சொன்னது தப்பு ஜெனி. உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ. நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்கவே இல்லை.”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “கேட்டீங்களே டீச்சர்.”

“நானா?”

“மாமாகிட்ட சொல்லி அனுப்பினீங்களே. ‘ரூபி டீச்சருக்கு ராத்திரிலாம் தூக்கமே இல்ல, உன்கிட்ட சாரி சொல்லணும்னாங்க, தொண்ட கட்டிகினதால என்னை சொல்லச் சொன்னாங்க’ன்னு மாமா வகுப்புலயே சொன்னாரே. அதுக்கப்புறம்தானே நான் திரும்ப வர ஆரம்பிச்சேன். எவ்ளோ பெரிய டீச்சர், என்கிட்ட சாரி சொல்றாங்களேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிகினே இருப்பேன்.”

நான் ஜன்னலுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. நான் காதில் வாங்காத பாதி வகுப்பு. என்னை மாட்டிவிட்டார் என்று பதின்மூன்று வருடம் நான் உள்ளுக்குள் எரிந்தபோதெல்லாம், அந்தப் பிள்ளையின் மனதில் நான் மன்னிப்புக் கேட்ட நல்ல டீச்சராக இருந்திருக்கிறேன். நான் சொன்னதாக அவர் சொன்னது அத்தனையும் பொய். தொண்டை கட்டியது என் பொய், சொல்லி அனுப்பியது அவர் பொய். தூக்கம் இல்லாதது மட்டும் உண்மை. அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. ஸ்டாப் இல்லாத இடத்தில் விசில் கொடுக்காதீர்கள் என்று என்னைக் கடிந்த மனிதர், எனக்காக ஒரு விசில் கொடுத்திருக்கிறார். நான் வந்து ஏறிக்கொள்வேன் என்று பதின்மூன்று வருடம் வண்டியை நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். போய் அவரிடம் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. உள்ளே பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது என்ன என்று எழுதித்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை முடிப்பார்கள். எனக்கு மனம் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனேன். ஒரு காது இல்லாத ஆட்டுக்குட்டியைத் துணியில் ஒட்டினேன். பிள்ளைகளிடம் கண்டக்டர் தாத்தா செத்துப்போய்விட்டார் என்று, அந்தச் சொல்லையே போட்டுச் சொன்னேன். நாங்க அவ்ளோ ஜெபம் பண்ணோமே, ஏசப்பா ஏன் சரியாக்கல என்று ஒரு பிள்ளை கேட்டது. முப்பது வருட ஆசிரியை வேலையில் முதல் தடவையாக, “தெரியல கண்ணு” என்றேன். வானம் இடிந்து விழவில்லை. பிள்ளைகள் பாயில் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்துதான் வகுப்பு எடுப்பேன். அன்றைக்கு உட்காரவில்லை. அரைமணி நேரம் கழித்து ஒரு குட்டிப் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“சேர் கீது டீச்சர், உக்காருங்க. கால் வலிக்கலயா?”

“வலிக்குது” என்றேன். நின்றுகொண்டே மிச்சப் பாடத்தையும் சொன்னேன்.